கிணற்றடியும் கொள்ளைநோயும்

எங்கள் அப்பாச்சி கிணற்றடிக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். கட்டில் ஏறி நின்று குளிக்கக் கூடாது. துலா வாளியை நிலத்தில் வைக்கக் கூடாது. குளித்த நீர் வாழைப்பாத்திக்கு ஓட வேண்டும். சிறுவர்களாகிய நாங்கள் வீண் ஆசாரம் என்று சிரித்தோம். வாந்திபேதியை நேரில் கண்டவர்களின் பேத்தி அவர் என்பதை, பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பழைய வரலாறுகளைப் புரட்டிய பின்னரே உணர்ந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. அந்தப் பாறையோ வெடிப்பும் குகையும் நிறைந்தது. மணல் அழுக்கை வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. உள்ளூரில் பெய்த மழை கீரிமலையில் கடலோரம் ஊற்றாக வெளிவருவது இதனால்தான். நீர் போகும் வழியிலேயே நோயும் போகும்.

19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி இங்கு மீண்டும் மீண்டும் வந்தது. அம்மனின் சீற்றம் என்று ஊர் அஞ்சியது. மேற்குலகமோ கெட்ட காற்றே காரணம் என்று நம்பியது. 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1854இல், இலண்டனில் ஜோன் சினோ ஒரு தெருக்குழாயின் நீரே கொலைகாரன் என்று காட்டினார். கிருமியை ரொபேட் கொக் அடையாளம் கண்டது 1884இல். அதே ஆண்டில் கிறீன் காலமானார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கி, ஊர்தோறும் மருத்துவர்களை உருவாக்கியது அவர் விட்டுச் சென்ற செல்வம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன். நாங்கள் ஒதுங்கிய வளவில் ஒரு கிணறு. அதை நம்பிப் பல குடும்பங்கள். விடியுமுன் வாளியில் சேறு வந்தது. சில நாட்களில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். அப்பாச்சியின் சட்டங்கள் அன்றுதான் முழுமையாக விளங்கின.

போர் முடிந்தும் நீரின் துயரம் முடியவில்லை. தோட்டத்து உரமும் மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை உயர்த்தியுள்ளன. நைத்திரேற்றைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், எலிக்காய்ச்சல் குடாநாட்டில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் வீட்டுக் கிணறுகள் இன்னும் கைவிடப்படவில்லை.

அண்மையில் ஊருக்குப் போனேன். எங்கள் கிணற்றிலிருந்து இருபது அடிக்குள், மதிலுக்கு அப்பால், புதிய வீட்டின் மலக்குழி. "அண்ணை, எங்கட தண்ணி தங்கம். நூறு வருசமாக் குடிக்கிறம்" என்றாள் தங்கை. நான் வாதாடவில்லை. நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அன்றிரவு கேத்திலை அடுப்பில் ஏற்றினேன். அப்பாச்சி இருந்திருந்தால் அந்த மதிலே எழுந்திராது.