முகம் பார்க்காத நட்பும் பதில் மடலும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் நிறுத்தி வைப்பேனே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு கேள்வி அனுப்பினாள். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்த குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறாளாம். அதில் ஐந்தாறு பேர் ஈரோட்டில் சந்திக்கப் போகிறார்கள். "ஐயா, எழுத்தில் மட்டும் தெரிந்தவர்களை நண்பர்கள் என்று சொல்லலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள்.

சிரிப்பவர்களுக்குப் புறநானூற்றைக் காட்டலாம். உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மக்களோடு ஏற்பட்ட பகையால் அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அவர் வரமாட்டார் என்று உடனிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார். இந்தக் கதையை நீங்கள் என்னிடமே படித்திருக்கிறீர்கள்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவு பழைய வரலாறு இல்லை. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முந்தையது. உங்கள் கைப்பேசியில் நீங்கள் தமிழில் தட்டுகிறீர்களே, அதற்குப் பின்னால் முகம் பார்க்காத சிலருடைய நட்பு இருக்கிறது. அது நம் பாடப்புத்தகத்தில் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் வழியாக. தொலைபேசிக் கம்பியில் கீச்கீச்சென்று சத்தம் போட்டு இணைப்பு கிடைக்கும். அதற்கு முன்பே வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் மின்மடல் வழியாகப் பழக ஆரம்பித்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த பாலா பிள்ளை, தமிழ்.நெட் என்ற மடலாடற் குழுவைத் தொடங்கினார். ஒருவர் எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம்.

சிக்கல் என்னவென்றால், தமிழிலேயே எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அன்றைய கணினியில் எழுத்துகளுக்கு 256 இடங்கள்தான். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கணினியின் கட்டளைக் குறிகளுக்கும் போய்விட்டது. மீதி 128. நம் எழுத்தோ 247. எனவே கால், கொம்பு, புள்ளி என்று துண்டு துண்டாகப் பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினார்கள். ஒருவர் "க" வைத்த இடத்தில் இன்னொருவர் "ழ" வைத்திருப்பார். சிட்னியில் எழுதிய வெண்பா சென்னையில் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித்தான் பலர் சமாளித்தார்கள்.

இதைச் சரிசெய்யப் பாடுபட்டவர்கள் ஒரே ஊரில் இல்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர் பயிற்சியில் விரிவுரையாளர், அதாவது நம் இனம். 1995இலேயே டான் டின் வீ என்ற அறிவியலாளரோடு சேர்ந்து சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றியவர். மலேசியாவில் முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற மென்பொருளைச் செய்தவர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கு. கல்யாணசுந்தரம். வேதியியல் ஆய்வாளரான இவர் மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். இன்னும் அமெரிக்காவில், கனடாவில், சென்னையில் பலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி மாதம், சென்னையில் இரவு 9 மணி என்றால் லோசானில் மாலை 4.30. கலிஃபோர்னியாவில் காலை 7.30. சிங்கப்பூரில் இரவு 11.30. சிட்னியில் நள்ளிரவு தாண்டி 2.30. ஒரு கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லி முடிக்க ஒரு முழு நாள் ஆகும். அந்தப் பதிலுக்கு மறுபதில் வர இன்னொரு நாள். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்ற ஒன்றைப் பற்றியே மாதக்கணக்கில் மடல்கள் போயின. கோபமான மடல்களும் உண்டு. எழுத்தில் குரல் கேட்காது, முகம் தெரியாது. சிரித்துக்கொண்டே எழுதியது திட்டு மாதிரி போய்ச் சேரும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று ஒரு கருத்தரங்கைக் கூட்டினார். மடலில் மட்டும் பழகியவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. அதை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். "க" என்ற விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் தானே புள்ளி விழுந்து "க்க" என்று வரும். 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடினார்கள். உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அப்போது பிறந்தது.

நேரில் பார்த்தவுடன் கருத்து வேறுபாடு எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகள் பரிந்துரைக்கப்பட்டன. மடலாடல்களில் உருவான திஸ்கி என்ற முறையும் தொடர்ந்து நடமாடியது. தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்தான். ஆக, சந்திப்பு வழக்கைத் தீர்க்கவில்லை. ஆனால் வழக்கை முறித்துக்கொள்ளாமல் நடத்த உதவியது என்பது என் கருத்து. கூட உட்கார்ந்து சாப்பிட்டவனோடு சண்டை போடுவதும், பெயரை மட்டும் தெரிந்தவனோடு சண்டை போடுவதும் ஒன்றல்ல. அண்ணன் தம்பியோடு சொத்து பிரித்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நா. கோவிந்தசாமி 1999 மே 26 அன்று காலமானார். வயது 53. சிங்கப்பூரில் அவர் கூட்டிய அந்தக் கருத்தரங்கு நடந்து இரண்டே ஆண்டு. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அதை அன்று தள்ளிப் போட்டிருந்தால், அவர் மடலை மட்டும் படித்துவிட்டு முகத்தைப் பார்க்காமலே பலர் நின்றிருப்பார்கள்.

சந்திப்பு ஒரு பாதி என்றால், பதில் எழுதுவது மறுபாதி. அதற்குச் சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரத்தின் தலைமையில் தொடங்கியது. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைப்பது வேலை. சம்பளம் கிடையாது. ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒற்றுப் பிழை, விட்டுப்போன அடி எல்லாவற்றையும் குறித்து மடல் அனுப்புவார். அவர் பதில் எழுதாவிட்டால் அந்த நூல் அங்கேயே நின்றுவிடும். இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கே இருக்கின்றன. நூலின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று பெயர் போட்டிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு நான் குறுந்தொகையை அங்கேதான் பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கிறேன். முதலில் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் பாட்டுக்குப் போவேன். அவர்களில் எத்தனையோ பேர் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

நட்புக்குப் பக்கத்தில் இருந்து பழக வேண்டும் என்பதில்லை, உணர்ச்சி ஒத்திருந்தால் போதும் என்று வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் சொல்கிறார். சரிதான். ஆனால் உணர்ச்சி ஒத்திருக்கிறது என்பது மற்றவனுக்கு எப்படித் தெரியும்? பதில் வந்தால்தானே தெரியும்!

எனவே அந்த மாணவிக்கு, ஈரோட்டுக்குப் போய் வா அம்மா, பகலில் போ, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, திரும்பி வந்ததும் எல்லோருக்கும் இரண்டு வரி எழுது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர் குழுவில் தினமும் வணக்கப் படம் போடும் ஆள் ஒருவர் இருப்பார். யாரும் பதில் போடமாட்டார்கள். அவருக்குப் பேச வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம். இன்று அவருக்குப் பெயர் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். கட்டைவிரல் படம் வேண்டாம், வார்த்தையில் எழுதுங்கள்.

இந்தப் பதிவின் கீழே நீங்கள் எழுதும் ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதுவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குத்தான் முடியும், கண் அவ்வளவுதான் தாங்குகிறது. தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வரிசைப்படி வரும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்