சுண்ணாம்பு போன வழி

பதுளையில எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆனாலும் நாம சுவருக்கு அடிக்கிற வெள்ளைக்கும் வெற்றிலையில தடவுற சுண்ணாம்புக்கும் கடலோட ஒரு உறவு இருக்கு.

இலங்கையின் உள்நாட்டிலும் சுண்ணக்கல் உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாகக் கட்டட வேலைக்குப் போன சுண்ணாம்பில் பெரும்பங்கு, அம்பலாங்கொடை, ஹிக்கடுவைக் கரையில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்தது. முருகைக்கல் வெறும் கல் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துக் கட்டிய வீடு. உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். ஓர் ஆள் உயரத்துக்கு நூறு வருசத்துக்கு மேல் வேணும். சூளைக்கு அது சில நாள் வேலை.

இதே காலத்தில் வேறு சிலர், முருகையை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்க்கப் பாடுபட்டார்கள். இந்தோனேசியாவில் லீ சின் எங், கடலில் எடுத்த உயிருள்ள பாறைகளையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்து அதைச் செய்து காட்டினார். முருகையின் சதைக்குள் வாழும் பாசி வெளிச்சத்தில் சர்க்கரை செய்து கொடுக்கும். அதுதான் பெரும்பகுதி உணவு. மீதிக்கு நுண்ணிய உயிர்களைப் பிடித்துத் தின்னும். அளவுக்கு மேல் தீனி போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

ஆனால் தொட்டியில் கல்சியம் தீர்ந்துபோகும். அதற்கு 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய வழி, சுண்ணாம்புத் தண்ணி! தெளிந்த நீரை மட்டும், இரவில், சொட்டுச்சொட்டாக விடணும். அவசரப்பட்டா காரம் ஏறி எல்லாம் செத்துப்போகும். ஆக, இங்கே முருகையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினாங்க. அங்கே சுண்ணாம்பைக் கரைச்சு முருகைக்கு எலும்பாக்கினாங்க.

1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, கரையோர வலயத்தில் முருகை அகழ்வதையும் சுடுவதையும் தடைசெய்தார்கள். அதற்குள் நிறைய போயிருந்தது. 2004 சுனாமியில் பெரலியவில் ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அழிந்தார்கள். முருகை அகழப்பட்ட அந்தக் கரையில் அலை ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போனது என்றும், பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் பாதிப்புக் குறைவு என்றும் ஆய்வாளர்கள் குறித்தார்கள்.

பழியைக் கல் உடைச்சவங்க மேல போடுறது லேசு. பெரும்பாலும் வறிய குடும்பங்கள். சுண்ணாம்பு எங்கே போகணும், என்ன விலைக்குப் போகணும்னு முடிவெடுத்தவங்க அவங்க இல்லை. கொழுந்து பறிக்கிற வீட்டில பிறந்தவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.