அமெரிக்கா த பியூட்டிஃபுல் ஐந்து அவுன்சு வெள்ளி நாணயங்கள்

அமெரிக்கா த பியூட்டிஃபுல் வெள்ளி நாணயங்கள் என்பவை ஐக்கிய அமெரிக்க நாணயச்சாலை 2010 முதல் 2021 வரை வெளியிட்ட, ஐந்து டிராய் அவுன்சு எடையுள்ள வெள்ளி நாணயங்களின் வரிசை ஆகும். இத்தொடரின் பெயருக்கு 'எழில்மிகு அமெரிக்கா' என்பது பொருள். ஐம்பது மாநிலங்கள், கொலம்பியா மாவட்டம், ஐந்து ஆட்சிப்பகுதிகள் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தேசியப் பூங்காவோ பிற தேசிய இடமோ தேர்ந்தெடுக்கப்பட்டு, மொத்தம் 56 வடிவங்கள் வெளிவந்தன. முதலீட்டுக்கான வெள்ளியாகவே இவை திட்டமிடப்பட்டன. ஆயினும் முதல் ஆண்டில் ஒவ்வொரு வடிவத்திலும் 33,000 நாணயங்கள் மட்டுமே அச்சடிக்கப்பட்டதால், விற்பனைக்கு வரும் முன்னரே சேகரிப்பாளர்களிடையே பெரும் போட்டி எழுந்தது. அதன் விளைவாக நாணயச்சாலை விற்பனையை நிறுத்தி, மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

அளவும் அமைப்பும்

2008 டிசம்பர் 23 அன்று கையொப்பமான தேசியப் பூங்காக்கள் கால் டாலர் நாணயச் சட்டம் இரண்டு வகை நாணயங்களுக்கு வழி செய்தது. ஒன்று புழக்கத்துக்கான கால் டாலர். மற்றொன்று அதே உருவத்தைப் பெரிதாக்கிய வெள்ளி நாணயம். பெரிய நாணயத்தின் விட்டம் 3 அங்குலம் (76.2 மி.மீ.), எடை 155.5 கிராம், வெள்ளித் தூய்மை 0.999. புழக்கக் கால் டாலரின் விட்டம் 24.26 மி.மீ., எடை 5.67 கிராம் மட்டுமே என்பதால், பெரியது விட்டத்தில் மூன்று மடங்குக்குச் சற்று மேலாகவும் எடையில் 27 மடங்காகவும் உள்ளது. இத்தனை பெரிய நாணயத்தின் முகமதிப்பும் அதே 25 சென்ட்தான்.

முன்பக்கத்தில் ஜான் பிளானகன் வடித்த ஜார்ஜ் வாஷிங்டன் உருவமும் பின்பக்கத்தில் அந்தந்த இடத்தின் காட்சியும் உள்ளன. கால் டாலரின் விளிம்பில் காணப்படும் வரிப்பள்ளங்கள் இதில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக எடையும் தூய்மையும் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ளன.

தயாரிப்புச் சிக்கல்

விட்டம், எடை இரண்டையும் சட்டமே வரையறுத்துவிட்டதால் தடிமனை மாற்றிக்கொள்ள நாணயச்சாலைக்கு இடமிருக்கவில்லை. வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் சராசரித் தடிமன் ஏறத்தாழ 3.3 மி.மீ. வருகிறது. உள்ளங்கையளவு விரிந்த, ஆனால் மெல்லிய தட்டில் உலோகம் விளிம்பு வரை சீராகப் பரவுமாறு அச்சடிப்பது எளிதன்று. இதற்கெனச் செருமனியின் கிரேபனர் நிறுவனத்தின் அச்சுப்பொறி பிலடெல்பியா நாணயச்சாலையில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் வடிவத்துக்கு 1,00,000 நாணயங்கள் என்று மதிப்பிடப்பட்டிருந்த எண்ணிக்கை, இச்சிக்கல்களால் முதலில் தாமதமாகிப் பின்னர் 33,000 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டத்தில் இருந்த இறுக்கம் பின்னர் உணரப்பட்டது. 2010 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் விட்டம் 2.5 முதல் 3 அங்குலம் வரை இருக்கலாம் எனத் தளர்த்தியது. எனினும் நாணயச்சாலை தொடர் முடியும் வரை 3 அங்குலத்தையே பின்பற்றியது.

33,000 என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை அதே ஆண்டின் மற்றொரு நாணயத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒரு அவுன்சு எடையுள்ள அமெரிக்க வெள்ளிக் கழுகு நாணயம் 2010இல் 3.4 கோடிக்கும் மேல் விற்றது. ஐந்து அவுன்சு நாணயங்கள் ஐந்து வடிவங்களும் சேர்ந்து 1,65,000 மட்டுமே. அந்த ஆண்டின் வடிவங்கள் ஹாட் ஸ்பிரிங்ஸ் (ஆர்கன்சா), யெல்லோஸ்டோன் (வயோமிங்), யோசெமிட்டி (கலிபோர்னியா), கிராண்ட் கேன்யன் (அரிசோனா), மவுண்ட் ஹூட் (ஓரிகன்) ஆகியனவாகும். மேலும் ஒரு வடிவத்தின் வெள்ளி நாணயத்தை அதற்குரிய கால் டாலர் வெளியாகும் ஆண்டிலேயே விற்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனை. ஆகவே 2010இன் ஐந்து வடிவங்களும் அவ்வாண்டின் கடைசி வாரங்களில் ஒருங்கே சந்தைக்கு வந்தன.

2010 டிசம்பர் விற்பனை

அமெரிக்க நாணயச்சாலை முதலீட்டு நாணயங்களைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கொள்முதலாளர்கள் எனப்படும் சில பெருவணிக நிறுவனங்களுக்கு, அன்றைய வெள்ளி விலையுடன் ஒரு சிறு தொகையைச் சேர்த்து விற்கும். அவர்களிடமிருந்து சில்லறை வணிகர்களுக்கும் பின்னர் பொதுமக்களுக்கும் நாணயம் செல்லும். கோடிக்கணக்கில் அச்சாகும் கழுகு நாணயத்துக்கு இம்முறை பொருந்தியது. அங்கே ஒரு வணிகர் விலையை ஏற்றினால் வாங்குபவர் அடுத்த வணிகரிடம் சென்றுவிடலாம். ஆனால் 33,000 மட்டுமே உள்ள பொருளுக்கு இதே முறையைப் பயன்படுத்தியபோது, பற்றாக்குறையால் விளையும் ஆதாயம் முழுவதும் இடையில் இருப்பவர்களின் கையில் சேரும் நிலை உருவாயிற்று.

விற்பனை டிசம்பர் 6 அன்று தொடங்குவதாக இருந்தது. அதற்கு முன்பே சில வணிகர்கள் முன்பதிவு பெறத் தொடங்கினர். அவர்கள் கேட்ட விலை வெள்ளியின் மதிப்பைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. நாணயச்சாலை கொள்முதலாளர்களிடம் நாணயம் ஒன்றுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெறவிருந்ததோ 9.75 டாலர் மட்டுமே. சேகரிப்பாளர்களின் முறையீடுகள் குவிந்ததைத் தொடர்ந்து நாணயச்சாலை விற்பனையைத் தள்ளிவைத்தது.

டிசம்பர் 10 முதல் கொள்முதலாளர்களின் கோரிக்கைகள் மீண்டும் ஏற்கப்பட்டன. இம்முறை புதிய நிபந்தனைகள் இருந்தன. கொள்முதலாளர்கள் தங்கள் பங்கு முழுவதையும் பொதுமக்களுக்கே விற்க வேண்டும். தாங்கள் கொடுத்த விலைக்கு மேல் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு நாணயம் மட்டுமே கொடுக்க வேண்டும். தங்கள் அலுவலர்களுக்கோ பணியாளர்களுக்கோ விற்கக் கூடாது. எடுத்துக்காட்டாக வெள்ளி அவுன்சு 29 டாலர் எனக் கொண்டால், ஐந்து அவுன்சுக்கு 145 டாலர், நாணயச்சாலையின் 9.75 டாலர் சேர்த்து 154.75 டாலர், அதன் மேல் 10 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 170 டாலர் என்பது பொதுமக்களுக்கான உச்ச விலை ஆகிறது. முதலீட்டு நாணயம் ஒன்றின் சில்லறை விலையில் நாணயச்சாலை இவ்வாறு தலையிடுவது வழக்கமன்று.

இந்த ஏற்பாடு யாருக்கு நியாயம் செய்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கூடுதல் விலைக்கு முன்பதிவு பெற்றிருந்த வணிகர்கள் அவற்றைக் கைவிட நேர்ந்தது. தங்கள் வழக்கமான வாடிக்கையாளர்களான சிறு வணிகர்களுக்குக் கொள்முதலாளர்கள் எதுவும் கொடுக்க இயலவில்லை. மறுபுறம், பணபலம் இல்லாத சாதாரணச் சேகரிப்பாளர் ஒருவர் கணினியின் முன் காத்திருந்து ஐந்து நாணயங்களையும் நியாய விலைக்கு வாங்க முடிந்தது. ஆனால் விதியில் ஓர் ஓட்டையும் இருந்தது. 'வீட்டுக்கு ஒன்று' என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலில் மட்டுமே சரிபார்க்க முடியும். வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியே வாங்குபவரைத் தடுக்க வழியில்லை. முதல் வாங்குபவர் அதை மறுநாளே விற்பதையும் எந்த விதியும் தடுக்கவில்லை. நாணயங்கள் வந்து சேர்ந்ததும் இணைய ஏலங்களில் கணிசமான கூடுதல் விலைக்குக் கைமாறின. உச்சவரம்பு ஆதாயத்தை ஒழிக்கவில்லை, வணிகரிடமிருந்து முதல் வரிசையில் நின்றவருக்கு மாற்றிக்கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

சேகரிப்பாளர் பதிப்பு

முதலீட்டு நாணயங்களில் நாணயச்சாலைக் குறி இல்லை. பளபளப்பான மேற்பரப்பு கொண்டவை. இவற்றைத் தவிர, பிலடெல்பியாவைக் குறிக்கும் 'பி' எழுத்துடன் கூடிய தனிப் பதிப்பு ஒன்றை நாணயச்சாலையே பொதுமக்களுக்கு நேரடியாக விற்றது. அச்சடித்த பின் நுண்ணிய பீங்கான் மணிகள் கலந்த நீராவியைப் பீய்ச்சி இதன் மேற்பரப்பு மங்கலாக்கப்படுகிறது. 2010ஆம் ஆண்டின் வடிவங்களில் தலா 27,000 மட்டுமே அனுமதிக்கப்பட்டன.

முதலாவதான ஹாட் ஸ்பிரிங்ஸ் 2011 ஏப்ரல் 28 அன்று 279.95 டாலர் விலையில், வீட்டுக்கு ஒன்று என்ற வரம்புடன் விற்பனைக்கு வந்தது. அந்நாளில் வெள்ளி அவுன்சு 48 டாலரை ஒட்டி, பல பத்தாண்டுகளில் காணாத உயரத்தில் இருந்தது. அதாவது நாணயத்தில் இருந்த வெள்ளியே ஏறத்தாழ 240 டாலர் பெறும். வெள்ளி முதலீட்டாளரும் சேகரிப்பாளரும் ஒரே நாணயத்துக்குப் போட்டியிட்ட அரிய தருணம் இது. மே முதல் வாரத்தில் வெள்ளி விலை சரிந்தது.

எண்ணிக்கையும் பின்னாளைய மதிப்பும்

தயாரிப்புச் சிக்கல்கள் தீர்ந்ததும் 2011இல் நாணயச்சாலை உற்பத்தியைப் பெருக்கியது. அவ்வாண்டின் முதல் வடிவமான கெட்டிஸ்பர்க் முதலீட்டு நாணயம் 1,20,000க்கும் மேல் விற்றது. யாரும் வரிசையில் நிற்கத் தேவையிருக்கவில்லை. தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் கிடைத்ததால் பரபரப்பும் அடங்கியது. 2012இல் வெள்ளி விலை முந்தைய உச்சத்துக்குத் திரும்பாத நிலையில் ஆர்வம் மேலும் குறைந்தது. அவ்வாண்டின் ஹவாய் எரிமலைகள், அலாஸ்காவின் டெனாலி ஆகிய முதலீட்டு நாணயங்கள் தலா 20,000 மட்டுமே அச்சாயின.

இந்த எண்ணிக்கைகள் தெரியவந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. பெரும் பரபரப்புடன் விற்ற 2010 நாணயங்களைவிட, அதிகம் பேர் சீண்டாத ஹவாய் எரிமலைகள் நாணயம் அரிதாகிவிட்டது. தொடர் முழுவதையும் சேர்க்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒன்று வேண்டும். பின்னர் தொடங்கிய சேகரிப்பாளர்கள் வெள்ளி மதிப்பின் பல மடங்கு கொடுத்து அதை வாங்கினர். அதன் 'பி' பதிப்பும் 15,000க்குக் குறைவாகவே விற்று, அவ்வகையில் தொடரின் முதன்மையான அரிய நாணயமாயிற்று. எல்லோரும் வாங்கிப் பத்திரப்படுத்திய நாணயம் பத்திரமாகவே சந்தையில் இருக்கும். எவரும் வாங்காத நாணயமே பின்னாளில் கிடைக்காமல் போகும். பழைய நாணயங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட இது, இத்தொடரில் இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

நாணயத்தின் நிலையும் விலையைத் தீர்மானிக்கிறது. பரந்த மேற்பரப்பில் சிறு கீறலும் பளிச்செனத் தெரியும். எடை மிகுதியால் நாணயங்கள் ஒன்றோடொன்று மோதும்போது விளிம்புகள் நசுங்குகின்றன. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இவற்றை மூடி முத்திரையிடுவதற்கெனப் பெரிய நெகிழிப் பேழைகளை உருவாக்கின. கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் மேற்பரப்புடைய முதலீட்டு நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி வாங்குகின்றனர்.

அலபாமாவின் டஸ்கிகீ விமானப்படையினர் நினைவிடத்தைக் கொண்ட 56ஆவது வடிவத்துடன் 2021இல் தொடர் நிறைவுற்றது. ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்று வைத்திருப்பவரிடம் 280 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 8.7 கிலோ வெள்ளி இருக்கும். அதன் மொத்த முகமதிப்பு 14 டாலர்.