பிளக் ஏன் கருக்கிறது? கடலோர மோட்டார்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. படகு வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

கிள்ளைப் பக்கத்து மாணவர் ஒருவர் பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கி ஓட்டுகிறார். “சார், பிளக் மாத்தி பத்து நாள்கூட ஆகல, மறுபடி கருப்பாயிடுது. இப்ப சென்சாரும் போச்சுங்கிறாங்க” என்றார். இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் வரலாற்றிலேயே பதிலும் இருக்கிறது.

1902-இல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். 1909-இல் அமெரிக்காவில், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1½ குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். படகின் பின்பலகையில் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். அன்றிலிருந்து கடலோடிகளுக்கு பிளக்கோடு மல்லுக்கட்டுதான்.

பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் எரிபொருள் முன்கூட்டியே பற்றி, பிஸ்டன் பாழாகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் அது வாழ வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே எரியும். அதனால் கரி இன்னும் அதிகம்.

1980-களில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் வள்ளங்களில் அவுட்போர்டு பரவியபோது, பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இன்ஜினில் துளித்துளியாக பிளக்கை நனைத்துவிடும். அதனால் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பும் பழக்கம் வந்தது. ஏட்டில் படிக்காத விஞ்ஞானம் அது.

நம் சோழமண்டலக் கரையில் கதை வேறு. இங்கே பெரும்பாலும் நீண்ட தண்டு வைத்த டீசல் இன்ஜின்தான் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெருகியபோது அது இன்னும் பரவியது. டீசல் கிடைப்பதும் விலையும் முக்கியக் காரணம். ஆனால் இன்னொரு லாபமும் உண்டு. டீசல், அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பிளக்கே கிடையாது, கருப்பதற்கு எதுவுமில்லை! அதனால்தான் பிளக்கைப் பார்த்துப் பழகிய கைகள் நம் பக்கம் குறைவு.

பிறகு சென்சார் வந்தது. 1996-இல் அமெரிக்கா படகு மோட்டார்களின் புகைக்கு விதி கொண்டுவந்தபின், கணினி கட்டுப்படுத்தும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெருகின. இன்ஜினின் சூட்டைச் சென்சார் கணினிக்குச் சொல்லும். உப்புப் பூத்த கனெக்டரால் ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று தவறான தகவல் போனால், கணினி எரிபொருளைக் கூட்டும். பிளக் கருக்கும். சில மோட்டார்களில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் மேலும் அதே கரி படியும். அப்போது பிளக்கும் சென்சாரும் இரண்டு நோயல்ல. ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

ஆகவே மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம், அல்லது சூடு போதவில்லை. எண்ணெய் ஈரம் என்றால் எண்ணெய்க் கலவை அதிகம், அல்லது பொறி சரியாக விழவில்லை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

பிறகு வரிசையாகப் போங்கள். எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா? எண்ணெய் விகிதம் கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடியா? பிளக்கின் எண் அந்த மோட்டாருக்கு உரியதா? தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டதா? அப்படியானால் இன்ஜின் சூடேறவே ஏறாது. அடுத்து கனெக்டர்களில் உப்பு. பணம் கொடுத்துப் புது சென்சார் வாங்குவது கடைசியில்தான்.

ஓட்டும் விதத்தையும் கவனியுங்கள். பிச்சாவரம் கால்வாய்களில் நாள் முழுக்க மெதுவாக ஓடும் மோட்டாரின் பிளக் சூடேறாது. திறந்த நீருக்கு வந்தபின் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டினால் கரி எரியும்.

இது வெறும் செலவுக் கணக்கு அல்ல, பிள்ளைகளே. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அலை எழும் நேரத்தில் இன்ஜின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். கவிழ்வதற்கு ஒரு அலை போதும். முகத்துவாரத்துக்குள் நுழைவதற்கு முன்பே இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். உலர்ந்த டப்பாவில் இரண்டு புது பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், படகில் துடுப்பு, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

மெக்கானிக் வேலை தெரிந்த மாணவர்கள் விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.