நலிவுற்ற முதியோரின் ஊட்டக்குறைவு

முதுமையில் நலிந்தவர்களுக்கு உணவு உடலின் தேவையை ஈடுகட்டாமல் போவதால் எடை, தசை, வலு மூன்றும் குறைந்துவரும் நிலை. பசியின்மை, பல் இழப்பு, விழுங்குவதில் சிரமம், தனிமை, மனச்சோர்வு, பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்வது, வறுமை ஆகியவை காரணங்கள். வயதானால் இளைப்பது இயல்பு என்று வீட்டார் விட்டுவிடுவதால் இது காலங்கடந்தே தெரியவருகிறது. பருமனானவர்களிடமும் தசையிழப்பு மறைந்திருக்கலாம்.

கண்டறியும் அளவுகோல்கள் அண்மைக் காலத்தவை. 1989இல் அமெரிக்க ஊட்டவியலாளர் இர்வின் ரோசன்பெர்க் முதுமைத் தசையிழப்புக்குச் சார்கோபீனியா என்று பெயரிட்டார். 1994இல் கிகோஸ், வெல்லாஸ், கேரி ஆகியோர் முதியோருக்கான ஊட்ட மதிப்பீட்டுப் படிவத்தை வெளியிட்டனர். அதன் 18 வினாக்களுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 17க்குக் கீழே என்றால் ஊட்டக்குறைவு, 17 முதல் 23.5 வரை என்றால் அபாய நிலை. 2001இல் இது ஆறு வினாக்களாகச் சுருக்கப்பட்டது. எடை பார்க்க எழுந்து நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்கால் சுற்றளவை அளந்தால் போதும், 31 செ.மீ.க்குக் குறைந்தால் கவலைக்குரியது. நாடா ஒன்றே கருவி என்பதால் வீட்டுக்கு வரும் செவிலியருக்கு இது எளிய முறை. அதே 2001இல் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை குறைதல், களைப்பு, பிடிவலுக் குறைவு, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்று இருந்தால் அவர் நலிவுற்றவர்.

உணவு மட்டும் கொடுத்தால் வலு திரும்பாது. 1994இல் மரியா ஃபியாட்டரோனின் குழு, பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சராசரி 87 வயதான 100 பேரிடம் பத்து வாரம் சோதித்தது. பளுப் பயிற்சி செய்தவர்களின் தசைவலு இருமடங்குக்கு மேல் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 கலோரி, குறைந்தது 1 கிராம் புரதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1500 கலோரி, 50 கிராம் புரதம். வெறும் கஞ்சியும் ரசஞ்சோறும் இதை எட்டா. முட்டை, மீன், பருப்பு, தயிர், பால் ஆகியவற்றைச் சிறுசிறு வேளைகளாகக் குழைத்துத் தரவேண்டும். இளைத்துவரும் முதியவருக்குக் கடும் பத்தியம் கெடுதல். நெடுநாள் உண்ணாதவருக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். தயமின் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளை நீட்டுவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே சிறந்தது.

தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பின்னர் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. இந்தியாவில் தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் 2010-11 முதல் நடைமுறையில் உள்ளது.