பேறுகாலத்துக்குப் பின் நீடித்த தலைச்சுற்றல்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொல்வது நம்மவர் வழக்கு. ஆனால் அம்மறுபிறப்பை எய்திய பின்னும் உடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் பல்லாண்டு நலிந்த தாய்மாரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குழந்தை பிறந்தவுடன் உதிரம் அளவின்றிப் பெருகும், தாய் நினைவிழப்பாள், பெருமுயற்சிக்குப் பின் பிழைத்துக்கொள்வாள். அனைவரும் மகிழ்ந்து வீடு திரும்புவர். மாதங்கள் பல சென்ற பின்னும் அவள் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றும், கண் இருளும், சிறு வேலைக்கும் உடல் தளரும். "பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகும்" என்பர் உறவினர். ஆண்டுகள் சென்றும் சரியாகாவிடில், "எல்லாம் மனத்தளர்ச்சி" என்பர் சிலர். "சோம்பல்" என்பர் வேறு சிலர்.

நீடித்த தலைச்சுற்றலுக்குக் காரணங்கள் பல உண்டு. இரத்தசோகை, உட்காதின் கோளாறு, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை அவற்றுட் சில. அவற்றுள் ஒரு காரணம் மட்டும் நெடுங்காலம் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் மறைந்து கிடந்தது. அது வெளிப்பட்ட வரலாற்றையே இங்கே கூற விரும்புகிறேன்.

மூளையின் அடியில், எலும்பாலான ஒரு சிறு குழியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். மூளையிலிருந்து கபத்தை மூக்குக்கு வடிப்பதே அதன் தொழில் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்னும் மருத்துவ அறிஞர் கருதினார். அக்கருத்தையொட்டியே அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. தமிழிலும் கபச்சுரப்பி என்று வழங்குவது உண்டு. ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள இச்சுரப்பிக்கும் கபத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடலின் பிற சுரப்பிகள் பலவற்றை ஏவி வேலை வாங்குவது அதன் முன்மடல். தாய்ப்பால் சுரப்பதும், மாதவிடாய் ஒழுங்காக வருவதும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி இயங்குவதும், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரப்பதும் இம்முன்மடலின் ஆணைக்கு உட்பட்டவை.

இச்சுரப்பி அழிந்தால் உடல் என்னவாகும்? போலந்து நாட்டவரான கிளின்ஸ்கி 1913-ஆம் ஆண்டிலும், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பணியாற்றிய மோரிஸ் சிம்மண்ட்ஸ் 1914-ஆம் ஆண்டிலும் இதுபற்றி எழுதினர். பேறுகாலத்தில் கடும் நோயுற்று, பின்னர்ப் பல்லாண்டு நலிந்து இறந்த ஒரு பெண்ணின் உடலைச் சோதித்த சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுருங்கி அழிந்திருக்கக் கண்டார். அது பெரிய கண்டுபிடிப்பே. எனினும் அதிலிருந்து ஒரு தவறான எண்ணமும் பரவிற்று. இந்நோயாளர் எலும்புந்தோலுமாக மெலிந்திருப்பர் என்று மருத்துவர்கள் நம்பத் தொடங்கினர். ஆகவே, வேறு காரணத்தால் உணவை வெறுத்து மெலிந்த பெண்கள் பலருக்கு இந்நோயின் பெயர் சூட்டப்பட்டது. மெய்யாகவே பிட்யூட்டரி அழிந்தும் உடல் மெலியாதிருந்த தாய்மாரோ கவனிப்பாரின்றி விடப்பட்டனர்.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர் ஹெரால்டு லீமிங் ஷீஹன். 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் பிறந்த இவர், 1935-ஆம் ஆண்டு முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள அரச மகப்பேற்று மருத்துவமனையில் நோய்க்கூற்று ஆய்வாளராகப் பணியாற்றினார். கிளாஸ்கோ அந்நாளில் ஆலைப் புகையும் வறுமையும் சூழ்ந்த நகரம். வெயிலும் போதிய உணவுமின்றி வளர்ந்த ஏழைப் பெண்களிடையே எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் மிகுந்திருந்தது. இடுப்பெலும்பு குறுகியதால் பேறு கடினமாயிற்று. இறக்கும் தாய்மாரும் பலராயினர்.

அவ்வாறு இறந்த தாய்மாரின் உடல்களை ஷீஹன் பொறுமையுடன் ஆராய்ந்தார். பேற்றின்போது உதிரம் மிகப் பெருகி, நாடி தளர்ந்து, அதன் பின் சில நாட்கள் உயிர்வாழ்ந்து இறந்தவர்களிடம் பிட்யூட்டரியின் முன்மடல் மடிந்திருப்பதைக் கண்டார். 1937-ஆம் ஆண்டில் அவ்வுண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார். கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பெருக்கிறது. அதற்கேற்ப அதற்கு வேண்டிய இரத்தமும் மிகுகிறது. அந்நிலையில் உதிரப்பெருக்கால் இரத்த அழுத்தம் சட்டென வீழ்ந்தால், முன்மடலுக்குச் செல்லும் நுண்ணிய குழாய்களில் ஓட்டம் தடைப்படுகிறது. நீரின்றிக் கருகும் பயிரைப் போலச் சுரப்பி மடிகிறது.

ஷீஹன் இறந்தோரின் ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. முன்மடல் சிறிதளவே மடிந்திருந்தால் அத்தாய் உயிர் பிழைத்திருப்பாள் அல்லவா? அவள் இப்போது எந்நிலையில் இருக்கிறாள்? இக்கேள்வியுடன், முன்னர் உதிரப்பெருக்குக்கு ஆளாகிப் பிழைத்த பெண்களை மர்டாக் என்னும் மருத்துவருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1938-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கடுமையாக உதிரம் இழந்தவர்களுள் பலரிடம் ஒரே வகைக் குறிகள் காணப்பட்டன. குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை. மாதவிடாய் திரும்பவில்லை. உடலில் மயிர் உதிர்ந்தது, குளிர் தாங்கவில்லை, சோர்வு நீங்கவில்லை. பெரும்பாலோர் எலும்புந்தோலுமாக மெலிந்திருக்கவும் இல்லை.

தலைச்சுற்றலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்ன? நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. உடனே இரத்தக்குழாய்கள் சுருங்கி அதை மூளைக்கு ஏற்றுகின்றன. குழாய்கள் அவ்வாறு சுருங்குவதற்குக் கார்ட்டிசால் துணைபுரிகிறது. பிட்யூட்டரி ஏவாவிடில் கார்ட்டிசால் குறையும், நிற்கும்போது இரத்த அழுத்தம் வீழும், தலை சுற்றும். உடலில் உப்பும் சர்க்கரையும் குறைவதால் மயக்கம் மிகுவதும் உண்டு. பல பெண்களிடம் முன்மடலின் ஒரு பகுதி தப்பிப் பிழைப்பதால் நோய் மெல்ல மெல்லவே தலைகாட்டும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழிந்தபின் வரும் மயக்கத்தைப் பழைய பேறுகாலத்தோடு இணைத்துப் பார்ப்பவர் யார்? காய்ச்சலோ அறுவை மருத்துவமோ நேரும்போது உடல் தாங்காமல் உயிருக்கே இடர் வரும்வரை நோய் அறியப்படாமல் போவதும் உண்டு.

ஷீஹன் காரணத்தைக் கண்டபோது போதிய மருந்து இருக்கவில்லை. தைராய்டுச் சத்தை மட்டும் கொடுப்பது சில வேளைகளில் தீங்காகவும் முடியும். கார்ட்டிசால் குறைவை முதலில் ஈடுசெய்தல் வேண்டும். அமெரிக்காவில் கெண்டல், ஹென்ச் ஆகியோரின் முயற்சியால் 1948-ஆம் ஆண்டில் கார்ட்டிசோன் முதன்முதலாக மூட்டுவாத நோயாளிக்கு அளிக்கப்பட்டது. 1950-ஆம் ஆண்டில் அவர்களுக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மூட்டுவாதத்துக்கென வந்த அம்மருந்து, பிட்யூட்டரி அழிந்த தாய்மாருக்கும் வாழ்வளித்தது. இன்று நாள்தோறும் உட்கொள்ளும் சில மாத்திரைகளால், பல்லாண்டு நலிந்த பெண்ணும் எழுந்து நடமாட முடிகிறது.

மருந்தினும் மேலானது தடுப்பு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல் 1818-ஆம் ஆண்டில் மனிதருக்கு மனித இரத்தம் ஏற்ற முனைந்ததே, பேற்றின்போது உதிரம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காப்பதற்காகத்தான். கருப்பையைச் சுருக்கி உதிரத்தை நிறுத்தும் எர்கோமெட்ரின் 1935-ஆம் ஆண்டில் தனித்துப் பிரிக்கப்பட்டது. சிகாகோ நகரில் இரத்த வங்கி 1937-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆக்சிடோசின் என்னும் பொருளை 1953-ஆம் ஆண்டில் டு விக்னோ ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார். இது பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து இயற்கையாகவே வெளிப்படும் பொருள். பின்மடல் தரும் இப்பொருளைக் கொண்டு உதிரத்தை உரிய நேரத்தில் நிறுத்தினால், முன்மடலும் காக்கப்படுகிறது.

செல்வ நாடுகளில் இந்நோய் இன்று அரிதாகிவிட்டது. நம் நாட்டில் அவ்வாறு சொல்லிவிட முடியாது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் நடத்தி 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்ட, குழந்தை பெற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரிடம் இந்நோய் இருக்கலாம் எனக் கணித்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் செய்து 2023-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், போகும் உதிரத்தை அளவுக்குறியிட்ட விரிப்பில் ஏந்தி அளந்து, உடனே மருந்துகளை அளித்தனர். கடும் உதிரப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் ஐந்தில் மூன்று பங்கு குறைந்தன. கண்ணால் மதிப்பிடுவதைவிட அளந்தறிவது எவ்வளவு சிறந்தது என்பதை இது காட்டுகிறது.

மாணவர்களே, ஷீஹன் 1988-ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். காரணம் புலப்படாத தலைச்சுற்றலுடன் ஒரு தாய் உங்கள் முன் வந்து நின்றால், இரண்டு கேள்விகளை மறவாதீர்கள்: "கடைசிப் பேற்றின்போது உதிரம் மிகுதியாகப் போயிற்றா? குழந்தைக்குப் பால் சுரந்ததா?" விடை ஐயத்தைத் தந்தால், சிறிதளவு குருதியைச் சோதித்தே பெரும்பாலும் உண்மையை அறிந்துவிடலாம். மருத்துவராகாதவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் ஒரு பெண் நெடுநாள் தலை சுற்றுகிறது என்று சொன்னால், அவள் சொல்லை நம்புங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணம் தெரியவில்லை என்பதற்காகக் காரணமே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது.