நட்சத்திர விழாவும் ஓய்வூதியக் கோரிக்கையும்: பொஸ்ரன் நகர் நிகழ்வு பற்றிய ஒரு நோக்கு

விழாவொன்றின் பயன் அதனை ஏற்படுத்தியோரின் நோக்கத்துடன் முடிந்துவிடுவதில்லை. உடைமையாளர் தமது தொழிலின் சிறப்பை உலகுக்குக் காட்ட எடுக்கும் விழாவே, அதில் உழைப்போர் தமது வலிமையைத் தாமே உணர்ந்துகொள்ளும் களமாகவும் மாறுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் ஆண்டுதோறும் போட்டிப் பருவத்தின் நடுவே நடத்திவரும் நட்சத்திர வீரர் விழாவின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

இவ்விழா ஒரு நெருக்கடியிலே பிறந்தது. 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயோர்க் நகரக் கல்லூரி வீரர் சிலர் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தை மாற்றியமைத்தமை அம்பலமாயிற்று. கூடைப்பந்தாட்டத்தின் மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை தளர்ந்தது. அக்காலத்தில் தொழில்முறை ஆட்டமோ இன்னும் வேரூன்றாத இளஞ்செடியாகவே இருந்தது. இந்நிலையில், 1933ஆம் ஆண்டு முதல் பேஸ்போல் விளையாட்டில் நடைபெற்றுவந்த நட்சத்திர ஆட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, சங்கத்தின் விளம்பரப் பொறுப்பாளர் ஹஸ்கெல் கோஹன் இத்தகையதோர் ஆட்டத்தை நடத்தலாம் என ஆலோசனை கூறினார். பொஸ்ரன் அணியின் உரிமையாளர் வோல்ரர் பிறவுண் செலவையும் நட்டத்தையும் தாமே ஏற்பதாக முன்வந்தார். 1951 மார்ச் 2ஆம் திகதி பொஸ்ரன் கார்டன் உள்ளரங்கில் 10,094 பார்வையாளர் முன்னிலையில் கிழக்கு அணி 111–94 என்ற புள்ளிகளால் மேற்கு அணியை வென்றது. விழா நிலைபெற்றது.

அந்த முதலாவது ஆட்டத்திலே கறுப்பின வீரர் எவரும் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. 1953ஆம் ஆண்டிலேயே டொன் பாக்ஸ்டேல் நட்சத்திர ஆட்டத்திற் பங்குபற்றிய முதலாவது கறுப்பின வீரரானார். அடுத்த பத்தாண்டுகளில் நிலைமை பெரிதும் மாறியது. பில் றசல், வில்ற் சேம்பர்லின், எல்ஜின் பெய்லர், ஒஸ்கார் றொபேட்சன் ஆகியோரின்றி இவ்வாட்டத்தைக் கற்பனை செய்யவும் இயலாத நிலை உருவாயிற்று.

ஆயினும், அரங்கு நிரம்பியதேயன்றி வீரர் வாழ்வு நிரம்பவில்லை. விளையாட்டு வாழ்க்கை குறுகியது. காயமும் வயதும் முப்பதுகளிலேயே அதனை முடித்துவிடும். அதன்பின் அவர்களுக்கு ஓய்வூதியம் எதுவுமில்லை. பொப் கூசி 1954ஆம் ஆண்டில் வீரர் சங்கத்தைத் தொடக்கினார். உரிமையாளர் அதனை அங்கீகரிக்க 1957ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. அங்கீகாரத்தின் பின்னரும் ஓய்வூதியம் பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்பட்டே வந்தது. வீரர்கள் வெவ்வேறு நகரங்களிற் சிதறியிருந்தமையும், ஒருவருக்கொருவர் எதிரணியினராய் இருந்தமையும் உரிமையாளருக்கு வாய்ப்பாயின.

ஆனால், ஆண்டில் ஒருநாள் மட்டும் எல்லா அணிகளினதும் சிறந்த வீரர்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடினர். அந்த நாளை வகுத்துக் கொடுத்தவர்கள் உரிமையாளர்களே!

1964 ஜனவரி 14ஆம் திகதி விழா மீண்டும் பொஸ்ரன் கார்டனுக்கு வந்தது. கடும் பனிப்புயலினால் வீரர் பலர் தாமதித்தே வந்து சேர்ந்தனர். ஏ.பி.சி. தொலைக்காட்சி அன்றிரவு ஆட்டத்தை நாடெங்கும் ஒளிபரப்பவிருந்தது. வீரர் சங்கத் தலைவர் ரொம் ஹைன்சோனும் சட்ட ஆலோசகர் லறி பிளீஷரும் வழிநடத்த, ஓய்வூதியம் பற்றி உறுதி கிடைக்கும்வரை களமிறங்குவதில்லை என வீரர்கள் முடிவுசெய்தனர். உடைமாற்றும் அறையின் கதவு மூடப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் உரிமையாளர் தமது வீரர்களான பெய்லருக்கும் ஜெரி வெஸ்ற்றுக்கும் எச்சரிக்கை விடுத்தார், அவர்கள் அசையவில்லை. கறுப்பரும் வெள்ளையரும், கிழக்கு அணியினரும் மேற்கு அணியினரும் அந்த அறைகளிலே ஒரே தரப்பினராக நின்றனர். இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடியியல் உரிமைகள் சட்டம் அதே ஆண்டு ஜூலையிலேயே நிறைவேறியது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வொற்றுமையின் அருமை புலனாகும்.

ஒளிபரப்பு நேரம் நெருங்கவே, சங்கத் தலைவர் வோல்ரர் கெனடி ஓய்வூதியத் திட்டத்துக்குத் தாம் ஆவன செய்வதாக வாக்களித்தார். அதன் பின்னரே வீரர்கள் களமிறங்கினர். கிழக்கு அணி 111–107 என வென்றது. றொபேட்சன் சிறந்த வீரராகத் தெரிவானார். புள்ளிக் கணக்கை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆட்டம் தொடங்குமுன் கழிந்த அந்தச் சில நிமிடங்களே வரலாறாயின.

ஓய்வூதியத் திட்டம் பின்னர் நடைமுறைக்கு வந்தது. அத்துடன் வீரர் இயக்கமும் நின்றுவிடவில்லை. றொபேட்சன் 1965இல் வீரர் சங்கத் தலைவரானார். அவர் பெயரால் 1970இல் தொடரப்பட்ட வழக்கு 1976இல் இணக்கமாக முடிவுற்று, வீரர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமைக்கு வழிதிறந்தது.

விழாவும் வளர்ந்தது. பந்தைத் துள்ளியெழுந்து வளையத்தினுள் அமுக்கும் போட்டியை 1976இல் டென்வர் நகரில் மற்றொரு தொழில்முறைச் சங்கம் தனது நட்சத்திர ஆட்டத்தின் இடைவேளையில் நடத்தியது. தேசியச் சங்கம் 1984இல் அதே நகரிலே அதனைத் தன் விழாவில் இணைத்துக்கொண்டது. 1986இல் மூன்று புள்ளி எறிதற் போட்டியும் சேர்ந்தது. ஓரிரவு ஆட்டம் வாரவிறுதித் திருவிழாவாயிற்று. ஆனால் 1998இல் உரிமையாளர்கள் வீரர்களுக்குக் கதவடைப்புச் செய்தமையால் அப்பருவம் சுருங்கி, 1999இல் நட்சத்திர ஆட்டமே நடைபெறாது போயிற்று. 1964இல் கதவை மூடியவர்கள் வீரர்கள்; 1998இல் மூடியவர்கள் உரிமையாளர்கள்.

ஒளிவிளக்குகளின் கீழ் ஆடுவோரும் உழைப்பாளரே என்பதை மறந்து விழாக்களின் வரலாற்றை எழுத இயலாது. நட்சத்திரங்களை ஓரிடத்திற் சேர்த்தவர்கள் அவற்றின் ஒளியை விற்க எண்ணினர். சேர்ந்த நட்சத்திரங்களோ, அவ்வொளியிலே ஒருவரையொருவர் கண்டுகொண்டன.